சல்லடையில் நிற்கும் காய்

போல்டு என்பது இங்கிலீஷ் வார்த்தை என்று பள்ளிக்கூடத்தில் சேரும்வரை எனக்குத் தெரியாது. சோறு, குழம்பு, பஸ்சு, ஜீப்பு, போல்டு என்று அதுவும் எங்கள் வீட்டுப் பேச்சில் ஒன்றாகக் கலந்து கிடந்தது. போடிநாயக்கனூரில் அப்போது ஏலக்காய் குடோன் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கிய காயைச் சலிக்கும்போது, பெரிய கண் சல்லடையில் கீழே விழாமல் மேலேயே நின்றுகொள்கிற காய்க்குப் போல்டு என்று பேர். பச்சை மாறியிருக்காது. உள்ளே அரிசி என்கிற விதை நிறைந்து, குலுக்கினாலும் சத்தம் வராமல் இறுகியிருக்கும். அது மூட்டையேறி, லாரியேறி, கப்பலேறிப் போய்விடும். வெடித்ததும் வெளுத்ததும் கருத்ததும் எங்கள் வீட்டு டீக்கு வரும். எங்கள் ஊரில் போல்டு காயைத் தொட்டவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், தின்றவர்களைத்தான் நான் பார்த்ததில்லை.

அப்பாவிடம் வேறொரு போல்டு இருந்தது. அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை, பெண் பேர் போல்டில் வரும். அடுத்து யார் பேர் போல்டில் வரவேண்டும் என்பதில்தான் குடும்பங்கள் உடையும். தாய்மாமன் பேரைச் சின்ன எழுத்தில் போட்டதற்காகப் பந்தியில் இலையை மூடிவிட்டு எழுந்துபோனவர்களின் கதை அப்பாவிடம் நிறைய உண்டு. எழுத்து கொஞ்சம் தடித்தால் மனுசனுக்கு ரோசம் தணிந்துவிடுகிறது என்பார்.

மூன்றாவது போல்டு எதிர்வீட்டு மதினியுடையது. அதைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்தித் தெருவை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். பஸ்சில் இடித்தவனைச் செருப்பைக் கழற்றிக் கேள்வி கேட்டவள், குரங்கணி மலைக்குப் போகிற ஜீப்பில் ஆம்பளைகளுக்குச் சமமாக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தவள், இவர்களெல்லாம் மதினி கணக்கில் 'கொஞ்சம் போல்டு'. அது பாராட்டு இல்லை என்பது எனக்கே தெரியும். என் அம்மா பேரும் அந்தக் கணக்கில் அடிக்கடி வரும்.

ஆறாவது படிக்கும்போது இங்கிலீஷ் டீச்சர் வகுப்பில், "போல்டுன்னா என்ன அர்த்தம், யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். மதுரையிலிருந்து புதிதாக வந்தவர். இங்கிலீஷில் எனக்கு விடை தெரிந்த கேள்வி அந்த வருசம் அது ஒன்றுதான். துள்ளி எழுந்து, "பெரிசு டீச்சர். பச்சையா, பருவட்டா இருக்கும்" என்றேன். வகுப்பில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். டீச்சர் சிரித்துவிட்டு, "தப்பு. தைரியமான, அதுதான் அர்த்தம்" என்று கரும்பலகையில் எழுதினார். நான் உட்காரவில்லை. "அப்ப தைரியமான ஏலக்காயா டீச்சர்?" என்று கேட்டேன். நிஜமாகவே சந்தேகம்தான் கேட்டேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் என்னை வெளியே நிற்கவைத்தார். அடுத்த நாளும் அதே கேள்வியைக் கேட்டார், நானும் அதே பதிலைச் சொன்னேன், மறுபடியும் வெளியே நின்றேன். எங்கள் அம்மா நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கிற ஒரு பொருளைப் பற்றி மதுரைக்காரர் வந்து எனக்குச் சொல்லித்தருவதா என்று எனக்கு ஆத்திரம்.

அம்மா காய் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டுச் சாவி அவளிடம் இருக்கும் என்பதால் பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே குடோனுக்குப் போய்விடுவேன். நீளமான கொட்டகையில் பெண்கள் வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, சொளகில் காயைப் பரப்பி, பேச்சு ஒரு பக்கம் ஓட, கை ஒரு பக்கம் ஓடப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். வெளியே நிற்கவைத்த கதையைச் சொன்னபோது அம்மா கையை நிறுத்தாமல் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீ சொன்னதத் திருப்பி வாங்கிட்டியா?"

"இல்லம்மா."

"பெறகு என்ன அழுகை? அந்தச் சொளகத் தள்ளு."

சாயந்தரம் வேலை முடிந்து வெளியேறும்போது வாசலில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருத்தியாக வந்து, முந்தானையையும் மடியையும் உதறிக் காட்டிவிட்டுப் போகவேண்டும். மடியில் ஒரு காய்கூட ஒட்டிக்கொண்டு போய்விடக்கூடாது என்று அந்தக் காலத்திலேயே யாரோ ஏற்படுத்தியது. பெண்கள் அதைக் கோவிலில் கன்னத்தில் போட்டுக்கொள்வதுபோல யோசிக்காமல் செய்துவிட்டுப் போவார்கள். கணக்கப்பிள்ளையும் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வார். அது எனக்கு ஒரு விளையாட்டாக இருந்தது. நானும் பாவாடையை உதறிவிட்டுப் போவேன்.

அந்த ஐப்பசியில் முதலாளியின் மருமகன் குடோனைப் பார்த்துக்கொள்ள வந்தார். படித்தவர், பேன்ட் போட்டவர், எதையும் உடனே திருத்திவிட வேண்டும் என்கிற வேகம் உள்ளவர். மடியைவிடக் கொண்டையில்தான் நிறைய ஒளிக்கலாம் என்று அவருக்கு யோசனை ஓடியிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, இனிமேல் எல்லோரும் கொண்டையையும் அவிழ்த்து உதறிவிட்டுத்தான் போகவேண்டும் என்றார்.

மூட்டை தூக்கும் ஆட்கள் வேலை முடிந்து வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்கிற நேரம் அது. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். முதலில் வரிசையில் நின்றது எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடுகிற மூத்தவள். அவள் கொண்டையில் கை வைத்ததும் சவுரிமுடி கையோடு வந்துவிட்டது. தலையில் மிச்சம் இருந்தது கோழிக்குஞ்சு வால் அளவுக்கு நரைமுடி. ஒரு மூட்டைக்காரன் சிரித்தான். அவன் சிரித்ததைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியம்மா சவுரியை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், தலையில் முந்தானையை இழுத்துப் போட்டபடி தெருவில் இறங்கிப் போனாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மற்ற பெண்கள் மருமகனைச் சூழ்ந்துகொண்டார்கள். "எம்பிள்ளைக மேல சத்தியமா ஒரு காய் எடுத்ததில்ல சார்." "எங்க தலையில ஒண்ணும் இல்ல சார், சாமி சத்தியம்." ஆளுக்கொரு சத்தியம் விழுந்தது.

"மடியில கனமில்லைன்னா வழியில என்ன பயம்?" என்றார் மருமகன். "அவுத்துக் காட்டிட்டுப் போகவேண்டியதுதானே."

அம்மா முறை வந்தது. அவளுக்கு அடர்த்தியான முடி. அள்ளிச் செருகினால் ஒரு தேங்காய் அளவுக்குக் கொண்டை நிற்கும். அவள் முந்தானையை உதறினாள், மடியை உதறினாள், கையைக் கீழே போட்டுக்கொண்டு நின்றாள்.

"கொண்டைய அவுங்க."

"அவுக்க மாட்டேன்."

"ஏன், உள்ள என்ன இருக்கு?"

"மசுரு இருக்கு."

மருமகனின் காது சிவந்தது. "வெரி போல்டு" என்றார். எங்கள் டீச்சர் சொன்ன அர்த்தத்தில் சொல்லவில்லை, எதிர்வீட்டு மதினி அர்த்தத்தில்தான் சொன்னார்.

"ஆமா சார். சல்லடையில கீழ விழமாட்டேன்" என்றாள் அம்மா.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மருமகன் எழுந்து நின்றுவிட்டார். "கொண்டைய அவுக்கிறவங்க மட்டும் நாளைக்கு வேலைக்கு வந்தாப் போதும். மத்தவங்களுக்கு இங்க சோலி கெடையாது." அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வேலை போய்விட்டால் என்ன ஆகும் என்பது புரிகிற வயதுதான். அதைவிடப் பெரிய குறை ஒன்று எனக்கு இருந்தது. அத்தனை பேரும் அவரவர் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்களே, என் அம்மா ஏன் செய்யவில்லை?

"நீயும் எம்மேல சத்தியம் பண்ணிருக்கலாம்லம்மா? விட்டிருப்பாகள்ல?"

"ஒம்மேல எதுக்குடி சத்தியம் பண்ணணும்?"

"காய் எடுக்கலன்னு."

"பண்ண மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். மற்ற பிள்ளைகளுக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன்.

அப்பா பயந்த சுபாவம். குடோனின் காலண்டர், லேபிள் எல்லாம் அவர் வேலை பார்க்கும் அச்சாபீசில்தான் அடித்தார்கள். இரண்டு பேர் வேலைக்கும் ஆபத்து என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. "ஒரு நிமிசம் அவுத்துட்டு முடிஞ்சுட்டு வந்தா என்ன கொறஞ்சு போச்சு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க ஒருநா அச்சாபீசு வாசல்ல வேட்டிய அவுத்து உதறிக் காட்டிட்டு வாங்க. மக்காநா நானும் காட்டுறேன்" என்றாள் அம்மா. அப்பா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சாப்பிட்டு முடித்ததும் அம்மா, பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வெரசா வந்துவிடுகிறேன் என்று கிளம்பினாள். பெரியம்மா வீட்டோடு அவள் நிற்கவில்லை என்பது மறுநாள் காலையில் தெரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை, எனக்கு லீவு. அம்மா சீயக்காய் தேய்த்துத் தலைக்குக் குளித்தாள். முடியைத் துவட்டினாள். துவட்டியவள் அதை அப்படியே விட்டுவிட்டாள். சிவப்பு ரிப்பன் வைத்து நான் கட்டியிருந்த ரெட்டைச்சடையையும் பிடித்து உருவினாள். நான் கத்தினேன். "இன்னைக்கு ஒரு நா இப்பிடி வா ஆத்தா" என்றாள்.

இரண்டு பேரும் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு தெருவில் நடந்தோம். எங்கள் பக்கம் பெண்கள் தலைவிரிகோலமாகத் தெருவில் வருவது சாவுக்குத்தான். எதிர்வீட்டு மதினி வாசலில் போட்டுக்கொண்டிருந்த கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து, "ஐயையோ, யாருக்கு என்னாச்சு?" என்று நெஞ்சில் கை வைத்தார். "ஒண்ணும் ஆகல மதினி. வேலைக்குப் போறோம்" என்றாள் அம்மா. டீக்கடையில் கிளாசைப் பிடித்திருந்தவர்கள் அப்படியே திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. ரிப்பனைக் கைக்குள் கசக்கிக்கொண்டு, இந்த அம்மாவுக்கு ஏன் பிறந்தோம் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

குடோன் தெரு திரும்பியதும் என் வெட்கம் போன இடம் தெரியவில்லை. சந்து சந்தாகப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோர் தலையும் விரிந்திருந்தது. இடுப்புவரை முடி உள்ளவர்கள், தோள்வரை உள்ளவர்கள், எண்ணெய் வழிய வந்தவர்கள். பெரியம்மா சவுரி இல்லாமல், அந்தக் கோழிவால் நரையை அப்படியே காற்றில் விட்டுக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நின்றாள். கணக்கப்பிள்ளை எழுந்து நின்று, "என்னம்மா இது?" என்றார்.

"சின்ன மொதலாளி அவுக்கச் சொன்னாகள்ல. காலையிலேயே அவுத்துட்டோம்" என்றாள் பெரியம்மா.

உள்ளே போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார்கள். குனியும்போதெல்லாம் முடி முன்னால் விழுந்தது. ஒதுக்கினார்கள், மறுபடியும் விழுந்தது. சொளகுகளில் முடி, குவியலில் முடி. காய் பொறுக்குகிற பெண் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டுதான் உட்காருவாள். ஒரு முடி சரக்கில் விழுந்தாலும் வாங்குகிறவன் முகம் சுளிப்பான். இந்த ஒரு விசயத்தை மருமகன் படித்த படிப்பில் யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

முதலாளி விபூதிப் பட்டையும் சந்தனமுமாக வந்தார். அன்றைக்கு மலையாளத்துப் பக்கமிருந்து பெரிய வியாபாரி ஒருவர் போல்டு சரக்குப் பார்க்க வருவதாக ஏற்பாடு. கொட்டகைக்குள் கால் வைத்தவர் நாற்பது தலைவிரிகோலத்தைக் கண்டதும் பின்னாலேயே நகர்ந்து படியில் இறங்கிவிட்டார். "என்னடா இது, எழவு வீடு கணக்கா!" என்றார். மருமகன் ஓடிவந்து இங்கிலீஷும் தமிழுமாக ஏதோ விளக்கினார். அவர் விளக்கி முடிப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

வியாபாரி உள்ளே பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "ஆரா மரிச்சது?" என்று மெதுவாகக் கேட்டார். யாரும் சாகவில்லை என்று முதலாளி சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி அவரைப் போல்டு குவியலுக்கு அழைத்துப்போனார். வியாபாரி குனிந்து ஒரு கை காயை அள்ளினார். விரலில் ஏதோ மாட்டியது. இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு கருப்பு முடி. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதெந்தா மொதலாளி, காயிலே முழுவன் முடியாணல்லோ" என்றார்.

அந்த நிமிசம் முதலாளி மருமகனைப் பார்த்த பார்வையை நான் இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஒரு தம்ளர் பாயசம் குடித்த திருப்தி.

"அம்மா தாயிகளா, முடியக் கட்டித் தொலைங்கம்மா" என்றார் முதலாளி.

யாரும் அசையவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா சொளகிலிருந்து தலையைத் தூக்காமல், "கட்டுனாச் சாயந்தரம் திரும்ப அவுக்கணுமே மொதலாளி. எதுக்கு ரெட்டை வேலை?" என்றாள்.

"யாரும் அவுக்க வேணாம்."

"சின்ன மொதலாளி வாயால சொல்லச் சொல்லுங்க."

மருமகன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவுக்க வேணாம்."

"பெரியம்மாகிட்டச் சொல்லச் சொல்லுங்க."

இதற்கு முதலாளியே கொஞ்சம் திகைத்தார். வியாபாரி இன்னமும் அந்த முடியைக் கையில் பிடித்தபடி நின்றார். மருமகன் இரண்டு வரிசை தாண்டிப் பெரியம்மா முன்னால் வந்து நின்றார். "இனிமே அவுக்க வேணாம்மா" என்றார். பெரியம்மா அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "சரி தம்பி, அங்கிட்டு நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்றாள்.

ஒரே நேரத்தில் அத்தனை கைகளும் பின்னால் போய் அத்தனை கொண்டைகளையும் முடிந்தன. வளையல் சத்தம் கொட்டகையை நிறைத்தது. அம்மா எனக்கும் சடை போட்டுவிட்டாள். வழக்கத்தைவிட இறுக்கமாக இழுத்துப் பின்னினாள், வலித்தது, நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குப் பூராவும் பெண்கள் குவியலில் முடி பொறுக்கினார்கள். மடி உதறும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. சாயந்தரம் வாசலில் எல்லோரும் பழையபடி மடியை உதறினார்கள். எல்லாமே ஒரே நாளில் கிடைத்துவிடுமா? மருமகன் நாற்காலி காலியாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா எங்களுக்கு முன்னால் வந்து வாசலில் காத்துக்கொண்டிருந்தார். கதை ஊர் முழுக்கப் பரவி அச்சாபீசுக்கும் போயிருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா கதவைத் திறந்து, எல்லோரும் உள்ளே வந்ததும் சாத்தினாள். சுவரோரம் உட்கார்ந்து, கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையை அவிழ்த்தாள்.

தரையில் டக்கென்று ஒரு காய் விழுந்தது.

போல்டு. பச்சை மாறாத, என் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய காய். நானும் அப்பாவும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். தானாக விழுந்து மாட்டியிருக்கும் என்று சொல்லலாம். ஆனால் அம்மா முகத்தில் ஆச்சரியம் கொஞ்சமும் இல்லை. அவள் அதை எடுத்துப் பல்லில் கடித்துத் தொலியை உரித்தாள்.

"அப்ப அந்தச் சின்ன மொதலாளி சொன்னது நெசந்தானம்மா?" என்று கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எவர் சொன்னது?" என்றாள். "வாயத் தெற."

அரிசியில் பாதியை என் வாயில் போட்டாள். மீதியை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா பயந்த மனிதர்தான். சாத்திய கதவை ஒருதடவை திரும்பிப் பார்த்துவிட்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அம்மா தொலியைத் தான் மென்றாள்.

நான் அவளோடு பல நாள் சரியாகப் பேசவில்லை. ஊரே என் அம்மாவைக் கொண்டாடிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் அவள் திருடி என்று தெரிந்திருந்தது. அதற்கு முன்பும் எடுத்திருக்கிறாளா, அதுதான் முதல் காயா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. தான் திருடியில்லை என்று காட்டத்தான் அவள் அத்தனை சண்டையும் போட்டாள் என்று அப்போது நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவள் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. எங்க தலையில ஒண்ணும் இல்ல என்று அத்தனை பேரும் சத்தியம் செய்தபோது அவள் ஒருத்திதான் செய்யவில்லை. இருக்கிறதா இல்லையா என்பதல்ல அவள் வழக்கு, பார்க்க நீ யார் என்பதுதான். மடியில் கனமிருந்தால் வழியில் பயமிருக்கும் என்பார்கள். அவள் கனத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வாசலைத் தாண்டி, கொஞ்சமும் அவசரப்படாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்து வந்திருக்கிறாள்.

பதினோரு வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? நாக்கில் இருந்த காரம் மட்டும்தான் தெரிந்தது. எங்கள் ஊர்க் காய் அவ்வளவு காரமாக இருக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.